சதுரடி விலையில இல்லாத பாலாறு

பெரியமேட்டுல ஒரு தோல் கடை. கடைக்கார அண்ணன் ஒரு ஆட்டுத்தோலை மேஜை மேல விரிச்சு, ஓரத்துல சுருங்கின இடத்தை கட்டைவிரலால இழுத்துக் காமிச்சு, "இது வேஸ்ட்டும்மா, ஆனா சதுரடிக் கணக்குல இதுக்கும் சேர்த்துதான் காசு குடுத்திருக்கேன்"னாரு. சரிண்ணா, அந்த சதுரடி விலைக்குள்ள என்னென்ன அடங்கும்னு கேட்டேன். பச்சைத்தோல், உப்பு, தோலைப் பதப்படுத்தற குரோம், சாயம், கூலி, கரண்ட், லாரி வாடகை, அப்புறம் தன்னோட லாபம்னு விரல் விட்டு எண்ணினாரு. தோல் பதனிடற கழிவு தண்ணி போய்ச் சேர்ற பாலாறு அந்த லிஸ்ட்ல வரல.

நான் பொருளாதாரத்துல பிஎச்டி பண்றேன், சுற்றுச்சூழலும் சர்வதேச வர்த்தகமும் சேர்ற இடம்தான் என் சப்ஜெக்ட், கூடவே பிஏ பசங்களுக்கு டுடோரியலும் எடுக்கறேன். அண்ணன் சொன்ன லிஸ்ட்டை அப்படியே போர்டுல எழுதிதான் எக்ஸ்டர்னாலிட்டி பாடத்தை ஆரம்பிச்சேன். விக்கறவரும் வாங்கறவரும் பேசி முடிச்ச விலைக்கு வெளிய, மூணாவது ஆள் தலையில விழற செலவுக்குதான் அந்தப் பேரு. அந்தச் செலவு அளவுக்கு வரி போட்டு விலைக்குள்ள கொண்டு வந்துடலாம்னு பிகூங்கற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1920-லயே எழுதிட்டாரு. அப்படின்னா ஏன் இன்னும் நடக்கல?

முதல்ல உப்பைப் பாப்போம். தோல் அழுகாம இருக்க அதோட எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் உப்பு போட்டு அடுக்குவாங்க. டேனரிக்கு, அதாவது தோல் பதனிடற ஃபேக்டரிக்கு வந்ததும் ஊற வெச்சு அந்த உப்பைக் கழுவி எடுத்தாதான் அடுத்த வேலை. கழிவு தண்ணில இருக்கற குரோமியத்தைத் தனியா பிரிச்சுடலாம், மத்த அழுக்கை பாக்டீரியா விட்டு தின்ன வைக்கலாம், ஆனா கரைஞ்ச உப்பு இது எதுக்கும் மசியாது, ஆர்ஓ போட்டாதான் பிரியும், அதுக்கு கரண்ட் பில் எகிறும், பிரிச்ச உப்பை எங்க கொட்டறதுங்கறது வேற தலைவலி. இதெல்லாம் பண்ணாம விட்டா டேனரிக்கு செலவு மிச்சம், அந்த மிச்சம் கிணத்துல போய் உக்காரும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் நடந்தது அதுதான். டேனரி பகுதிகள்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு உதவாம போச்சுங்கற சர்வே கணக்கு, வேலூர் டேனரி கேஸ்ல வந்த 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புலயே இருக்கு.

இப்ப வெளிநாட்டுக்காரங்க பக்கம் வருவோம். தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க பென்டாகுளோரோபீனால்னு ஒரு கெமிக்கல் போட்டுட்டு இருந்தாங்க. 1989-ல ஜெர்மனி அதைத் தடை பண்ணுச்சு, ஒரு கிலோ தோல்ல 5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா, அடையார்ல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று கெமிக்கல் தேடிக் குடுத்துச்சு, தொழிலே சில வருஷத்துல மாறிடுச்சு. 1994-ல அசோங்கற செயற்கைச் சாயங்கள்ல சிலதுக்கு அங்க தடை வந்தப்பவும் இதே கதைதான். அதே டேனரிங்கதான், அதே வருஷங்கள்லதான் உப்பு தண்ணியும் ஆத்துக்குப் போயிட்டு இருந்துச்சு!

காரணம் ரொம்ப சிம்பிள். அந்த கெமிக்கல் ஷூவோடயே கப்பல் ஏறி ஜெர்மன்காரர் காலுக்குப் போயிடும். உப்பு போகாது, இங்கயே தங்கிடும். பொருளுக்குள்ள என்ன இருக்குங்கறது ஒரு கேள்வி, அது எப்படி செஞ்சதுங்கறது வேற கேள்வி. வர்த்தகச் சட்டம் ரொம்ப நாளா முதல் கேள்வியைத்தான் தாராளமா கேக்க விட்டுச்சு. ஆமை வெளிய போக வழி இல்லாத வலையில பிடிச்ச இறாலை வாங்க மாட்டோம்னு அமெரிக்கா சொன்னப்ப இந்தியாவும் இன்னும் மூணு நாடும் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டாங்க, 1998 தீர்ப்புல ஆமையைக் காப்பாத்தற நோக்கம் சரிதான் ஆனா நாட்டுக்கு நாடு பாரபட்சமா நடத்தினது தப்புன்னு வந்துச்சு, அதாவது எப்படி செஞ்சேன்னு கேக்கறதுக்கு கதவு கொஞ்சம் தொறந்துச்சு. பெசன்ட் நகர் கரையில செத்து ஒதுங்கின ஆமையைப் பாத்தவங்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

அந்தக் கதவு வழியா இப்ப பெருசா வந்திருக்கறது ஐரோப்பாவோட கார்பன் எல்லை வரி, அதாவது பொருளைச் செய்யறப்ப வெளிய வந்த கார்பனுக்கு இறக்குமதில போடற பில். 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் காமிக்கச் சொன்னாங்க, 2026 ஜனவரில இருந்து காசு கணக்கு ஓடுது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவ்வளவுதான் இப்போதைக்கு, தோல் இதுல இல்ல. நிலக்கரி உலையில 1 டன் ஸ்டீல் செஞ்சா 2 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வரும், டன்னுக்கு 70 யூரோன்னு சும்மா ஒரு விலை வெச்சுப் பாத்தாலே 140 யூரோ. முழுசும் உடனே கட்ட வேண்டியதில்ல, கார்பன் வெளிய விட அவங்க ஊர் ஃபேக்டரிக்குக் குடுக்கற இலவச பெர்மிட் 2034 வரைக்கும் படிப்படியா குறையுது, அது குறைய குறைய நம்ம சரக்கு மேல பில் ஏறும்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம், சரக்கு கிளம்பற நாட்டுலயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தா அதைக் கழிச்சுக்கறாங்க. அப்ப அந்தப் பணம் நம்ம ஊர்லயே வசூலாகி நம்ம ஊர்லயே செலவாகலாம், இல்லன்னா ஐரோப்பா கஜானாவுக்குப் போகும். கார்பனுக்கு உள்ளூர்லயே விலை வைக்கற கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை இந்தியா 2023-ல அறிவிச்சதை இந்தக் கணக்கோட சேர்த்துதான் பாக்கணும்.

கிளாஸ்ல வாணியம்பாடிப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி கேட்டா, "கார்பனுக்கு எல்லையில பில் போடுறாங்க, எங்க ஊர் உப்புக்கு எப்ப மேம் போடுவாங்க?" கார்பன் காத்துல கலந்து அவங்களையும் சுடுது, அதனால கேக்கறாங்க, பாலாத்து உப்பு பெர்லின் போகாதும்மானு சொன்னேன். சொல்லவே கஷ்டமா இருந்துச்சு. அந்த பில்லை இங்கதான் போடணும், போடவும் செஞ்சாங்க, மாசு பண்ணவரே காசு கட்டணும்ங்கற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள்ள உறுதியா கொண்டு வந்ததே அந்த 1996 வேலூர் தீர்ப்புதான். 2025 ஜனவரில அதே பாலாத்துக்காக உச்ச நீதிமன்றம் திரும்பவும் உத்தரவு போட்டுச்சு, பாதிச்சவங்களுக்கு அரசு முதல்ல இழப்பீடு குடுக்கணும், அப்புறம் டேனரிங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு.