அடார்: கல் விழுந்து கொல்லும் பொறியின் பழைய பெயர்

காட்டில் வழி தப்பியவர் எப்படிப் பிழைக்கலாம் என்று காட்டும் வீடியோக்களில் ‘டெட்ஃபால்’ என்ற சொல் அடிக்கடி வரும். சாய்த்து நிறுத்திய கனமான கல், அதைத் தாங்க இரண்டு மூன்று குச்சி, அடியில் இரை. பிராணி இரையை இழுத்ததும் குச்சி நழுவும், கல் அதன்மேல் விழும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘செத்த வீழ்ச்சி’ என்று வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘கற்பொறி’ என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் புதிதாகச் சொல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இதற்கென்றே ஒரு பெயர் சங்கப் பாட்டில் இருக்கிறது: அடார்.

நற்றிணை 119இல் ‘சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ என்று வருகிறது. (‘அடாஅர்’ என்பது ஓசைக்காக நீட்டியது, சொல் அடார்தான்.) தினையை மேயும் காட்டுப்பன்றிக்கு ஒருவன் அடார் வைக்கிறான், அதில் புலி வந்து படுகிறது. இந்த வரியில் எனக்குப் பிடித்தது ‘சிறு’, ‘பெரு’ என்ற இரண்டு அடைமொழிகள். பொறி சிறிது, கல் பெரிது. ஆளையே நசுக்கும் பாரத்தை விரல் தடிமனுள்ள குச்சி பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் கருவியின் சூட்சுமமே அதுதான். பொறி என்பது இங்கே தட்டிவிடும் குச்சி அமைப்பு மட்டும், அடார் என்பது விழும் கல்லோடு சேர்ந்த முழுக் கருவி. புறநானூறு 19இலும் வேட்டுவன் ‘பொறியறிந்து மாட்டிய பெருங்கல் அடார்’ உண்டு. அங்கே புலிக்கென்றே வைத்தது.

வேர் என்ன? ‘அடர்’ என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். இன்றைக்கு அடர்ந்த காடு, அடர்த்தியான முடி என்று நெருக்கத்துக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். அடர்த்தல் என்றால் அமுக்குவது, நசுக்குவது என்றும் பொருள் உண்டு. கயிலையைத் தூக்கிய இராவணனைச் சிவன் கால்விரலால் மலைக்கடியில் நசுக்கியதைத் தேவாரம் பல இடங்களில் ‘அடர்த்த’ என்றே சொல்கிறது. மேலே மலை, அடியில் அரக்கன். அதுவும் ஒருவகை அடார்தானே!

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பையன்கள் ‘அடார்’ என்றால் ‘பிரமாதம்’ என்று அர்த்தம். அந்தப் பேச்சு நம் பக்கமும் வந்துவிட்டது. பொருளில் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பொறி எப்படி நிற்கிறது? அதிகம் காட்டப்படுவது 4 என்ற எண்ணின் வடிவில் இருப்பது. குச்சிகள் மூன்று. நட்டமாக நிற்கும் குச்சியின் தலையை உளிமுனை போலச் சீவுவார்கள். சாய்வுக் குச்சி தன் வெட்டுவாயால் அந்த முனையில் உட்காரும். அதன் மேல்நுனி கல்லைத் தாங்கும், கீழ்நுனி படுக்கைக் குச்சியின் கடைசியில் உள்ள வெட்டில் மாட்டும். படுக்கைக் குச்சியின் பக்கவாட்டில் இன்னொரு வெட்டு. அது நட்டக் குச்சியின் விளிம்பைக் கவ்வும். இரை இந்தப் படுக்கைக் குச்சியின் மறுமுனையில், கல்லுக்கு அடியில். கல்லின் பாரமே மூன்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. படுக்கைக் குச்சி கொஞ்சம் அசைந்தால் மூன்றும் கலைந்துவிடும். வெட்டுகள் கூர்மையாக இருக்க வேண்டும். பச்சை ரப்பர்க் கம்பு இதற்கு ஆகாது, பால் வடிந்து ஒட்டும். காய்ந்த கொய்யாக் கம்பு தேவலை. தரை பொதுபொதுவென்று இருந்தால் பிராணி மண்ணில் அமுங்கித் தப்பும் அல்லது அரைகுறையாகக் கிடந்து துடிக்கும், அதனால் அடியில் தட்டைக் கல் போடுவார்கள். கல்லின் எடை பிராணியைப் போலப் பல மடங்கு வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் பையூட் பழங்குடியினரின் முறையில் ஒரு குச்சிக்குப் பதில் கயிறும் சிறு கட்டையும் வரும். தொட்டாலே விழும், வைப்பவர் விரலுக்கும் ஆபத்து.

கழுத்திலோ காலிலோ சுருக்குவது கண்ணி. தஞ்சாவூர் வயல்களில் மூங்கிலை வளைத்து எலிக்கு வைப்பது கிட்டி. பாரம் விழுந்து நசுக்குவது மட்டுமே அடார்.

வினைச்சொல்லும் பாட்டிலேயே இருக்கிறது. அடாரை ‘மாட்டுவது’, அதில் விலங்கு ‘படுவது’. ‘வசமா மாட்டிக்கிட்டான்’ என்று இன்றும் சொல்கிறோம்.

அன்று தினைப்புனம், இன்று மரச்சீனி (மரவள்ளி) விளை. குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, கோதையாறு பக்கம் பன்றி இறங்கினால் ஒரே இரவில் கிழங்கெல்லாம் கிளறிப் போட்டுவிடும், கோபம் வரத்தான் செய்யும். அதற்காக அடார் மாட்ட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். பன்றி, முயல், முள்ளம்பன்றி எல்லாமே அதற்குள் வரும். அடாருக்கு ஆள் தெரியாது என்பது வேறு விஷயம். நற்றிணையில் பன்றிக்கு வைத்ததில் புலி விழுந்தது. இன்னொரு சங்க நூலான மலைபடுகடாமோ, பன்றிக்கு அஞ்சிப் புழைதோறும் கல்பொறி மாட்டிய வழி அது, விடிந்த பிறகு போங்கள் என்று வழிப்போக்கரை எச்சரிக்கிறது.