பார்ட்டி ஒன்று கேட்கிறார், மண்டபம் ஒன்று சொல்கிறது: டிஜே என்ன செய்வது?

சாமானோடு மண்டபம் மண்டபமாகப் போய் வாசிக்கிற மொபைல் டிஜே தொழிலில் பாட்டு தெரியாமல் பெயர் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்ட்டிக்கும், அதாவது நம்மை புக் செய்கிறவருக்கும், மண்டபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பெயர் கெட்டவர்கள்தான் நிறைய. சவுண்டை ஏற்று என்பார் ஒருவர், இறக்கு என்பார் இன்னொருவர். மெஷின் புகை வேண்டும் என்று பணம் கட்டியிருப்பார் ஒருவர், இங்கே அதைப் போடவே கூடாது என்பார் கட்டடத்துக்குப் பொறுப்பானவர். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு எப்படியோ ஓட்டிவிடலாம் என்று இருந்தால், கடைசியில் இரண்டு பேருமே நம்மைத்தான் கேட்பார்கள். திறமையான இளம் டிஜேக்கள் இதில் அடிபடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மோதல் நிகழ்ச்சி நாளில் பிறப்பதில்லை. பார்ட்டி மண்டபத்தை புக் செய்து கையெழுத்துப் போட்ட அன்றே பிறந்துவிடுகிறது. எத்தனை மணிக்கு இசை நிற்க வேண்டும், சத்தம் எவ்வளவு இருக்கலாம், எதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் மண்டபத்தின் நிபந்தனைத் தாளில் பெரும்பாலும் எழுதித்தான் இருக்கும். பார்ட்டி அதை வாசித்திருக்க மாட்டார். நமக்கும் காட்டியிருக்க மாட்டார். ஆக, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. பேசித் தீர்க்க நேரம் இருக்கும்போதே அந்த மோதலை வெளியே இழுத்துப் போடுவதுதான் நம் வேலை.

இதில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பணம் தருவது பார்ட்டி. நம் ஒப்பந்தம் அவரோடு. மண்டபத்தோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் அவர்தான். நமக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு காகிதம்கூட இருக்காது. ஆனால் நாம் நிற்பது அவர்கள் கட்டடத்தில். புகார் வந்தால் உரிமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதனால் “நான் சொல்றேன், நீங்க ஏத்துங்க” என்று பார்ட்டி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதே மாதிரி, விருந்தினர் என்ன பாட்டுக்கு ஆட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மண்டபத்துக்கு இல்லை, அவர்களுடைய நிபந்தனையில் அது எழுதப்பட்டிருந்தால் தவிர. என்ன வேண்டும் என்பதைப் பார்ட்டி சொல்லட்டும். எது வரைக்கும் போகலாம் என்பதை மண்டபம் சொல்லட்டும். அந்த எல்லைக்குள் அவர் கேட்டதை எவ்வளவு நன்றாகக் கொடுக்க முடியும் என்பதில்தான் நம் திறமை இருக்கிறது.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே நான் கேட்பது அந்த நிபந்தனைத் தாளைத்தான். “மண்டபத்தில் கொடுத்த பேப்பரை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள்” என்றால் போதும். வாசித்துச் சொல்லச் சொன்னால் தனக்கு முக்கியமாகப் பட்டதை மட்டும்தான் சொல்வார்கள்.

அப்புறம் மண்டபத்தில் பேச வேண்டும், பார்ட்டிக்குத் தெரிவித்துவிட்டு. புக்கிங் எடுக்கிறவரிடம் பேசுவதில் பெரிய பயன் இருக்காது. நிகழ்ச்சி அன்று ராத்திரி பொறுப்பில் இருக்கப்போகிறவரிடம் பேச வேண்டும். லிமிட்டர் (சத்தம் அளவைத் தாண்டினால் கரண்டை நிறுத்திவிடும் கருவி) இருக்கிறதா, எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள், அதன் மைக் எங்கே தொங்குகிறது, எந்தெந்த பிளக் பாயின்ட் அதில் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். கதவு, ஜன்னலை மூடியே வைக்க வேண்டுமா? முடியும் நேரம் என்று நீங்கள் சொல்வது இசை நிற்கும் நேரமா, ஆட்கள் வெளியேறி சாமானும் ஏற்றி முடித்திருக்க வேண்டிய நேரமா? இந்தக் கடைசிக் கேள்வியை நிறைய பேர் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கலாம், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பார்ட்டி நம்மிடம் விலை பேசி வாங்கியிருப்பார். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் கிடைக்குமா, அதே லைனில் சமையலறை ஹீட்டர் எதுவும் ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கமாக எழுதி மண்டபத்துக்கும் பார்ட்டிக்கும் ஒரே மெசேஜாக அனுப்புங்கள். இருவரும் ஒரே எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம்.

மண்டபம் “கூடாது” என்று சொல்வதெல்லாம் ஒரே ரகம் இல்லை. சட்டம், உரிமம், தீ பாதுகாப்பு, காப்பீடு என்று வருபவை ஒரு ரகம். இவற்றில் பேரம் பேசாதீர்கள், பேசிப் பார்க்கலாம் என்று பார்ட்டிக்கு ஆசையும் காட்டாதீர்கள். மண்டபத்தின் சொந்த வழக்கம் இன்னொரு ரகம்: ஸ்பீக்கரை இந்த மூலையில்தான் வைக்க வேண்டும், சாமானைப் பின்வாசல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது போல. காரணத்தைக் கேட்டு, மாற்று வழி சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். மூன்றாவது, அன்று பணியில் இருக்கும் ஒருவர் திடீரென்று சொல்வது. அதை மரியாதையாக, “சரி சார், இது மண்டபத்து விதியா? மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எந்த ரகம் என்று தெரியாமல் எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்பதும், எல்லாவற்றுக்கும் பணிந்துபோவதும் பார்ட்டிக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது.

புகை மெஷின் முதல் ரகத்தில் வருவது. புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்களில் ஒளியை வைத்து வேலை செய்கிறவை நிறைய. உள்ளே நுழையும் துகள் ஒளியைச் சிதறடித்தால் அலாரம் அடிக்கும். அது நெருப்புப் புகையா, நம் மெஷின் விடும் புகையா என்று அதற்குத் தெரியாது. டிடெக்டரை ஒரு கவரைப் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பகுதியைத் தற்காலிகமாக விலக்கி வைப்பதும், அதுவரை ஆள் வைத்துக் கண்காணிப்பதும் கட்டடத்துக்குப் பொறுப்பானவர் செய்ய வேண்டிய வேலை. கோல்ட் ஸ்பார்க் என்று விற்கும் பொறி மெஷினும் இப்படித்தான். பெயரில் குளிர்ச்சி இருக்கிறதே தவிர, அதில் எரிவது டைட்டானியம், ஜிர்கோனியம் கலந்த உலோகத் தூள். மண்டபம் எழுத்தில் சம்மதிக்காமல் அதை வண்டியிலேயே ஏற்றாதீர்கள். வண்டியில் இருந்தால் யாராவது ஒருவர் போடச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இனி சவுண்ட். பத்தில் எட்டுத் தகராறு இதில்தான் என்று துணிந்து சொல்லுவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மண்டபத்துக்காரர் டெசிபல் மீட்டரைக் காட்டி ஒரு எண் சொல்வார். அது எந்த வெயிட்டிங்கில் (weighting: தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி ஒவ்வொன்றையும் மீட்டர் எவ்வளவு கணக்கில் எடுக்கிறது என்ற முறை) அளந்தது என்று கேளுங்கள். பொதுவாக ஏ வெயிட்டிங்காக இருக்கும். அது மனிதக் காதின் போக்கைப் பின்பற்றுவதால் தாழ்ந்த சுருதிச் சத்தத்தை, அதாவது பேஸை, நிறையக் கழித்துவிடும்: 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபல் கழிகிறது. ஆனால் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது அந்த பேஸ்தான். மீட்டரில் எண் சரியாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையில் ‘தும் தும்’ என்று அதிர்வதாக போன் செய்வார். “நான் அளவுக்குள்தானே இருக்கிறேன்” என்று டிஜே வாதிடுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், வாதத்தால் அது தீராது. பேஸை அவ்வளவாகக் கழிக்காத சி வெயிட்டிங்கிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஏ-வுக்கும் சி-க்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், மொத்த வால்யூமைத் தொடாமல் பேஸுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மட்டும் இறக்கினாலே பாதி புகார் நின்றுவிடும்.

சப்வூஃபரைச் சுவர் மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் கூடும். சும்மா கிடைத்த சத்தம் மாதிரித் தோன்றும், ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தால் தொல்லைதான். அதே போல, மண்டபத்தின் ஒரு கோடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை வைத்து மறுகோடி வரைக்கும் அடிக்கிற பழக்கத்தை விட வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் கிட்டே நிற்பவருக்குக் காது வலிக்கும்போது கடைசி மேஜைக்கு ஒன்றும் புரியாது. ஸ்பீக்கர்களை ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, உள்நோக்கித் திருப்பி, தலைக்கு மேலே உயர்த்தி, ஆடுகிறவர்கள் மேல் சாய்த்து வையுங்கள். ஆடுகிறவர்களுக்கு நல்ல சத்தம் கிடைக்கும், உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம், மண்டபத்து மீட்டரும் அமைதியாக இருக்கும். பார்ட்டி கேட்டது “சத்தம்” என்றாலும், அவருக்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் ஆடுமிடத்தில் ஒரு உற்சாகம். அதைக் குறைந்த டெசிபலிலேயே கொடுத்துவிடலாம்.

லிமிட்டர் உள்ள மண்டபத்தில் இன்னும் கவனம் வேண்டும். நிறைய லிமிட்டர்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு இருக்கும். சிவப்பு சில விநாடி நீடித்தால் அந்த பிளக் பாயின்ட்டுக்கு மின்சாரமே நின்றுவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மிக்சரும் ஸ்பீக்கரும் செத்துவிடும். மறுபடி கரண்ட் வரும்போது ஸ்பீக்கரில் விழும் அந்த அடி அதற்கு நல்லதல்ல. கூட்டம் சேர்ந்து கத்தினாலே சிவப்பு எரியலாம் என்பது பார்ட்டிக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “எல்லாரும் சேர்ந்து பாடுற இடத்துல நானே பாட்டைக் கொஞ்சம் இறக்குவேன், தப்பா நினைக்காதீங்க.” லிமிட்டர் இல்லாத பாயின்ட்டிலிருந்து வயரை இழுத்து வந்து ஏமாற்றுவது உண்டு. அது தந்திரம் இல்லை, அடுத்து அங்கே வரப்போகிற எல்லா டிஜேக்களின் வாய்ப்பையும் கெடுக்கிற காரியம்.

மண்டபத்தில் அளவே வைக்கவில்லை என்றாலும் எல்லை ஒன்று உண்டு. இசை நிகழ்ச்சிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையில், 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அது பார்வையாளர் காதுக்குச் சொன்னது. வாரா வாரம் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிற நமக்கு இன்னும் கவலை வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ் சொல்லும் அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 3 டெசிபல் கூடும்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். “இன்னும் ஏத்துங்க” என்கிறவரிடம் இதைக் கணக்காகச் சொல்ல வேண்டாம். முன் வரிசையில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று காட்டினால் போதும், புரிந்துகொள்வார்.

விருந்தினர் வருவதற்கு முன், மேனேஜரைக் கூட நிறுத்திவைத்து சவுண்ட் செக் செய்வது என் வழக்கம். ஆடுமிடத்தில் ஒரு அளவு, வெளிவாசலில் ஒரு அளவு எடுப்போம். அவர் “இது போதும்” என்று சொன்ன இடத்தில் மிக்சரில் மொத்த வால்யூமை ஏற்றி இறக்கும் மாஸ்டர் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். அவர் கண் முன்னாலேயே. ராத்திரி அவர் வந்து நின்றால் அந்த டேப்பைக் காட்டுவேன். பார்ட்டியின் சித்தப்பா வந்து “தம்பி, இன்னும் கொஞ்சம்” என்றாலும் அதையேதான் காட்டுவேன். பேச்சு உடனே நம்மை விட்டு அந்தக் கோட்டுக்குப் போய்விடும், யாருக்கும் மனஸ்தாபம் வராது.

சித்தப்பாவைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். யார் சொன்னால் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு பெயரை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். விழா நாயகரின் பெயர் வேண்டாம். அவரை அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது. நம்பகமான நண்பரோ உறவினரோ போதும். இரண்டு பக்கமும் உண்மையிலேயே முட்டிக்கொண்டால் அந்த இரண்டு பேரையும் நேரில் சேர்த்துவிடுங்கள். “அவர் இப்படிச் சொல்கிறார்” என்று இங்கும் அங்கும் நடக்க ஆரம்பித்தால், சொன்ன வார்த்தை நம் வார்த்தையாகிவிடும். அவர்கள் பேசி முடிக்கும் வரை மண்டபம் சொன்ன குறைந்த அளவிலேயே ஓட்டுங்கள். இறக்கிய சத்தத்தை அஞ்சு நிமிடத்தில் ஏற்றிவிடலாம், நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை மறுபடி ஆரம்பிப்பது நடக்கிற காரியமா? மைக்கில் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். “மண்டபத்துல குறைக்கச் சொல்றாங்க” என்று ஒரு வரி போதும், மொத்தக் கூட்டமும் மேனேஜர் மேல் பாயும், அடுத்த நிமிடம் அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சில மண்டபங்கள் தங்கள் சவுண்ட் சிஸ்டத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும். பார்ட்டி நம் ஸ்பீக்கருக்கும் சேர்த்து விலை பேசியிருந்தால் அதைக் கழித்துக் கொடுத்துவிடுங்கள், அதில் பிடிவாதம் வேண்டாம். அவர்களுடைய ஆபரேட்டரோடு உட்கார்ந்து எந்த லெவலில் சிக்னல் கொடுப்பது, ஸ்பீக்கர் பழுதானால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எல்லாம் கேட்டறிந்த பிறகும் பொருந்தாத புக்கிங் சிலது இருக்கும். சத்தம் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் விடிய விடிய டான்ஸ் கேட்பார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், “இந்த மண்டபத்துல நீங்க நினைக்கிறது நடக்காது, இது இது நடக்கும்” என்று அன்றே சொல்லிவிடுங்கள். மண்டபத்தை மாற்றவோ எதிர்பார்ப்பை மாற்றவோ அவருக்கு இன்னும் நேரம் இருக்கும். நம் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: மண்டபமோ அதிகாரிகளோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், அதற்காகப் பேசிய தொகை குறையாது என்று. கையெழுத்து வாங்கும்போது அதை விரலால் தொட்டு வாசித்துக் காட்டுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

கூடுதல் நேரம் கேட்பது எப்போதும் கடைசிப் பாட்டின்போதுதான் வரும். கையில் பணத்தோடு ஒருவர் வந்து நிற்பார், கூட்டமும் கத்தும். பணத்தைத் தொடாமல், “மேனேஜர் சரின்னு சொல்லட்டும், நான் ரெடி” என்று சொல்லுங்கள். மேனேஜர் எத்தனை மணி வரைக்கும் என்று மெசேஜில் போட்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம். அவர் முடியாது என்றால், கடைசிப் பாட்டைக் கொஞ்சம் நீட்டி, நேரத்துக்குள் நல்லபடியாக முடித்துவிட்டு லைட்டைப் போடச் சொல்லுங்கள்.