ரூட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது: தரவுத்தளம் ஆளை எப்படி அடையாளம் காண்கிறது?

"உபுண்டுவில் பிஎச்பிமைஅட்மின் நிறுவினேன். ரூட் என்று கொடுத்து நுழையப் பார்த்தால் 1698 பிழை வருகிறது. ரூட்டின் கடவுச்சொல் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிஎச்பிமைஅட்மின் என்பது உலாவி வழியே தரவுத்தளத்தை நிர்வகிக்கும் நிரல், ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு.

ரூட்டுக்குக் கடவுச்சொல் என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. உபுண்டுவின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளப் பொதியும் டெபியனின் மரியாடிபி தரவுத்தளப் பொதியும் ரூட் கணக்கை யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியின் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயில்) வழியாகச் சரிபார்க்கின்றன. இந்த ஏற்பாட்டின் அழகே தனி. அதே கணினியில் ஓடும் ஒரு நிரல் தரவுத்தளத்தின் சாக்கெட் கோப்பில் இணையும் கணத்திலேயே, அந்த நிரலின் செயல்முறை எண், பயனர் எண், குழு எண் மூன்றையும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் குறித்துக்கொள்கிறது. "மறுமுனையில் யார்?" என்று தரவுத்தளம் கெர்னலிடம் கேட்கிறது, விடையும் கெர்னலிடமிருந்தே வருகிறது. எந்தப் பெயரில் நுழைய வேண்டும் என்பதை மட்டுமே இணைந்த நிரல் சொல்கிறது; தான் யார் என்பதற்குச் சான்றாக ஒரு பைட்கூட அனுப்புவதில்லை, அதனால் பொய் சொல்ல அதற்கு வழியே இல்லை. திருடுவதற்கும் ஒன்றும் இல்லை.

சூடோ (கட்டளையை ரூட் உரிமையோடு இயக்குவது) போட்டு மைஎஸ்கியூஎல்லைத் திறந்தால் பயனர் எண் 0, அதாவது ரூட், உடனே அனுமதி. பிஎச்பிமைஅட்மின் ஓடுவதோ வலை வழங்கியின் கணக்கில். டெபியன் குடும்பத்தில் அதன் எண் 33. நீங்கள் ரூட் என்கிறீர்கள், கெர்னல் 33 என்கிறது. அதனால்தான் 1698.

ரூட்டைக் கடவுச்சொல் முறைக்கு மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். தயவுசெய்து மாற்றாதீர்கள், இருப்பதில் உறுதியான பூட்டைக் கழற்றுவது அது. சூடோ வழியாக உள்ளே போய்த் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

நிறுவலின்போது கேட்கப்படும் கடவுச்சொல் வேறு. அது பிஎச்பிமைஅட்மின் தன் சொந்த அட்டவணைகளைத் திறக்கப் பயன்படுத்தும் கணக்குக்கானது. காலியாக விட்டு என்டர் தட்டினால் நிறுவலின்போது தரவுத்தளக் கணக்கை அமைக்கும் டிபிகான்ஃபிக்-காமன் கருவியே தற்செயல் எழுத்துகளால் ஒன்றை உருவாக்கி, அமைப்புக் கோப்புகளில் எழுதிவிடும். நீங்கள் அதை நினைவில் வைக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் வலிமைச் சோதனைக் கூறு ஏற்கெனவே இயங்கினால், அந்தத் தற்செயல் சொல் விதிக்குப் பொருந்தாமல் 1819 பிழையோடு நிறுவல் நின்றுபோகலாம். நிறுவலைக் கைவிட்டு, ரூட்டாக நுழைந்து அந்தக் கூறை நீக்கி, மறுபடி நிறுவிய பின் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

பொதிகளை நிறுவும்போது கேள்வி கேட்கும் கருவியான டெப்கான்ஃப் கேட்டு வாங்கும் கடவுச்சொற்கள் மற்ற பதில்களோடு கலக்காமல் தனிக் கோப்பில், 0600 அனுமதியோடு இருக்கின்றன. ரூட் தவிர யாரும் படிக்க முடியாது. தானியங்கி நிறுவலுக்காக கேள்விகளின் பதில்களை நீங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்பதில் கோப்புக்கு அந்தக் காவல் தானாக வராது. அதற்கும் 0600 கொடுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை எழுதுவதும் ஆபத்து: பொதுவான லினக்ஸ் அமைப்பில் ஓடும் நிரலின் கட்டளை வரியை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் கிளையன்ட் தொடங்கியதும் அதை மறைத்துவிடும் என்றாலும், நடுவே நொடிப்பொழுது இடைவெளி உண்டு.