அபோஃபாட்டிக் இறையியல்: தமிழில் என்ன சொல்வது?

கடவுள் இன்னார் என்று சொல்லப் போகாமல், இன்னது அல்லர், இன்னது அல்லர் என்று விலக்கிக்கொண்டே போய் அவரை நெருங்கும் கிறிஸ்தவ மரபுக்கு இந்தப் பெயர். கிரேக்கத்தில் 'அபோஃபாசிஸ்' என்றால் மறுத்துச் சொல்வது.

தமிழில் இதை 'எதிர்மறை இறையியல்' என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சாந்தோம் பக்கம் ஒரு தியானக் கூட்டத்தில் இந்தச் சொல் வந்ததுமே, "அப்போ கடவுள் இல்லங்கறாங்களா ஃபாதர்?" என்றார் ஓர் அம்மா. பெரியார் சிலைப் பீடங்களில் கடவுள் மறுப்பு வாசகத்தைப் படித்தே வளர்கிற ஊரில் வேறென்ன தோன்றும்?

'இல்லை' என்பது இருப்பை மறுப்பது. 'அல்ல' என்பது தன்மையை மறுப்பது. பேச்சில் இரண்டுக்குமே 'இல்ல' என்றுவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். இந்த இறையியல் பேசுவது முழுக்க 'அல்ல'. அப்போஸ்தலர் 17இல் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்த ஏதென்ஸ்காரர் தியொனீசியுவின் பெயரை வைத்துக்கொண்டு, 500ஆம் ஆண்டையொட்டி ஒருவர் எழுதினார் (சொந்தப் பெயர் இன்றுவரை தெரியாது, இந்தப் பொருளுக்கு அதுவும் பொருத்தம்தான்). அவருடைய 'மறைபொருள் இறையியல்' மிகச் சிறிய நூல். அதன் கடைசி அத்தியாயத்தில் கடவுள் ஆன்மா அல்ல, மனம் அல்ல, இருள் அல்ல, ஒளியும் அல்ல என்று அடுக்கிக்கொண்டே போய், முடிவில் மறுப்புக்கும் அப்பாற்பட்டவர் என்று நிறுத்துகிறார். நம்மாழ்வார் 'ஆணல்லன் பெண்ணல்லன்' என்று தொடங்கி 'உளனல்லன் இல்லையல்லன்' என்பாரே, கிட்டத்தட்ட அதே நடை.

சரி, தமிழ்ச் சொல்? இலக்கணக்காரர்கள் இன்மை, அன்மை என்று முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே 'அன்மைவழி இறையியல்' என்பேன். 'அல்வழி' இன்னும் அழகு. ஆனால் அதைப் புணர்ச்சி இலக்கணம் எடுத்துக்கொண்டுவிட்டது. அன்மையை 'அண்மை' என்று காதில் வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை: யாத்திராகமம் 20:21இல் ஜனங்கள் தூரத்தில் நிற்க, மோசே தேவன் இருந்த கார்மேகத்துக்குப் பக்கத்தில்தான் போகிறார். இந்த மரபினர் திரும்பத் திரும்பக் காட்டும் வசனம் அது.

இந்த மரபில் கூடவே வரும் 'அக்னோசியா' என்ற கிரேக்கச் சொல்லை 'அறியாமை' என்று பெயர்ப்பதும் சிக்கல். தமிழில் அது திட்டுகிற சொல். சைவர்களுக்கோ அது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தின் வேலை. தியொனீசியு சொல்வது, அறிவு போகிற மட்டும் போய் அதற்குமேல் வழியில்லாமல் நிற்கும் நிலை. 'அறிவடங்கல்' என்றால் ஓரளவு சரியாக வரும்.