மரப்பு ஊசி போடும் இடத்தில் கொழுப்புப் பால்மம் இருக்கிறதா?

பெங்களூருவில் இந்திராநகரிலோ ஜெயநகரிலோ எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் பல் மருத்துவமனை, முடி நடும் கிளினிக், தோல் அழகு சிகிச்சை நிலையம், ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் அறுவைச் சிகிச்சை மையம் என்று பலகைகள் வரிசையாகத் தென்படும். இவை அனைத்திலும் அன்றாடம் புழங்குவது, உடலின் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த புப்பிவகெய்ன். முழு மயக்கம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கும் நோயாளிகளும் உறவினர்களும், "மரத்துப்போற ஊசிதான்" என்று சொன்னதும் நிம்மதியாகிவிடுவதை மயக்க மருத்துவராக நான் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலான நேரங்களில் அந்த நிம்மதி நியாயமானதே. ஒரு பல்லைப் பிடுங்கத் தேவைப்படும் இரண்டு மூன்று மில்லி மருந்தால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. அளவு கூடும்போதும், ஊசிமுனை தெரியாமல் ரத்தக்குழாய்க்குள் நிற்கும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த நச்சுக்கு மாற்று மருந்துதான் தலைப்பில் உள்ள கொழுப்புப் பால்மம்.

அளவு எங்கே கூடுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2% லிக்னோகெய்ன் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். ஆகவே 30 மில்லி பாட்டில் ஒன்றில் 600 மில்லிகிராம் இருக்கிறது. அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 12 மில்லி, அதாவது பாட்டிலில் பாதிகூட இல்லை. 15 கிலோ குழந்தைக்கு மூன்றரை மில்லிகூட வராது. புப்பிவகெய்னின் வரம்பு கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான் என்பதால், 0.5% மருந்துள்ள 20 மில்லி பாட்டில் ஒன்றை முழுவதும் போட்டால், 50 கிலோ எடையுள்ளவர் வரம்பைத் தொட்டுவிடுகிறார். இதில் அடிக்கடி மறக்கப்படும் விஷயம் ஒன்று உண்டு: இரண்டு மரப்பு மருந்துகளுக்கும் தனித்தனிக் கணக்குக் கிடையாது, அவற்றின் நச்சுத்தன்மை ஒன்றோடொன்று கூடும். மயக்க மருத்துவர் நரம்புக்கு பிளாக் போட்டிருப்பார், அதாவது நரம்பை ஒட்டி மருந்து செலுத்தி ஒரு பகுதியையே மரக்கச் செய்திருப்பார். அது தெரிந்தும் தெரியாமலும், தையலுக்கு முன் சர்ஜன் தன் பங்குக்குப் பத்து மில்லி போடுவார். எத்தனை மில்லி என்று கேட்டால் இருவரும் உடனே சொல்வார்கள். மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால்தான் அறை அமைதியாகிவிடும்.

நரம்பில் சோடியம் அயனிகள் செல்லும் வாயில்களை அடைத்து வலி உணர்வைத் தடுக்கும் இதே மருந்து, ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் மூளையிலும் இதயத்திலும் உள்ள அதே வாயில்களை அடைக்கிறது. பெரும்பாலும் மூளைதான் முதலில் குரல் கொடுக்கும்: உதடும் நாக்கும் மரப்பது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், காரணமற்ற பதற்றம், பிறகு வலிப்பு. அடுத்து இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாம். இந்த வரிசை எப்போதும் காப்பாற்றப்படும் என்று நம்பியிருக்கவும் முடியாது. லிக்னோகெய்ன் இதயத்தின் வாயில்களிலிருந்து விரைவில் விலகிவிடும். புப்பிவகெய்ன் எளிதில் விடாது. புப்பிவகெய்னால் நின்ற இதயம், வழக்கமான முதலுதவிக்கு எளிதில் மசியாது என்பதை 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி எச்சரித்தார். பின்னர் 1980களில் அங்கே பிரசவத்துக்கு 0.75% புப்பிவகெய்னைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது.

இதற்கு மருந்து கிடைத்த கதை விசித்திரமானது. சோயா எண்ணெயை முட்டையின் பாஸ்போலிப்பிடோடு சேர்த்து நுண்துளிகளாக்கிய வெள்ளைத் திரவம்தான் லிப்பிட் எமல்ஷன் எனப்படும் கொழுப்புப் பால்மம். வாய்வழியாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக உணவு கொடுப்பதற்கென்று 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் இதை உருவாக்கினார். சிகாகோவைச் சேர்ந்த கை வைன்பர்க், கொழுப்பு ஏற்றினால் புப்பிவகெய்னின் நச்சு இன்னும் மோசமாகும் என்ற எதிர்பார்ப்போடு எலிகளில் சோதித்தபோது, முடிவு நேர்மாறாக வந்தது. 1998இல் அதை வெளியிட்டார். 2003இல் நாய்களில் செய்த சோதனையில், பால்மம் பெற்றவை அனைத்தும் பிழைத்தன, உப்புநீர் பெற்றவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. 2006இல் நியூயார்க்கில், தோள் பிளாக்குக்குப் பின் இதயம் நின்று, இருபது நிமிடங்களுக்கும் மேலாக முயன்றும் மீளாத 58 வயதுக்காரர் ஒருவருக்குப் பால்மம் கொடுத்ததும் துடிப்பு திரும்பியது. ரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துளிகள், கொழுப்பில் கரையும் இந்த மருந்தை மூளையிலிருந்தும் இதயத்திலிருந்தும் வாங்கி, கல்லீரலுக்கும் தசைக்கும் கொண்டு சேர்க்கின்றன என்பது இன்றைய விளக்கம். இதயத் தசைக்கும் அது நேரடியாக வலு சேர்க்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் நீர் என்று பிரித்துச் சோதிக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே இங்கே நம் கையில் இருப்பவை விலங்குச் சோதனைகளும் தனித்தனி நோயாளிகளின் பதிவுகளும்தான். எனக்கு அவை போதும்.

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். சிவாஜிநகரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவருக்கு, முன்கை எலும்பு முறிவுக்காக அக்குளில் பிளாக் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து பாதி போவதற்குள், "மேடம், வாயெல்லாம் இரும்பு ருசிக்குது" என்றார். ஊசியை நிறுத்தினேன். "காதுல என்னமோ ஙொய்னு கேக்குது" என்றார், அதையே மறுபடியும் சொன்னார், இமை துடித்தது, வலிப்பு வந்துவிட்டது. முகமூடியால் ஆக்ஸிஜன் கொடுத்து மூச்சைச் சீராக்குவதுதான் முதல் வேலை. கார்பன் டை ஆக்ஸைடு தேங்கினால் நச்சு இன்னும் வேகமாக மூளையில் ஏறும். வலிப்புக்கு மிடசோலம் போடுவதற்குள் திரையில் இசிஜி அலைகள் அகலமாகிவிட்டன. எடை 60 கிலோ. கிலோவுக்கு 1.5 மில்லி என்ற கணக்கில் 20% பால்மம் 90 மில்லியை இரண்டு மூன்று நிமிடங்களில் செலுத்தினோம். பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்குக் கால் மில்லி, அதாவது நிமிடத்துக்கு 15 மில்லி. அலைகள் குறுகி இயல்புக்கு வந்தன. கதவிடுக்கில் வெள்ளைப் பையைப் பார்த்த அவருடைய மனைவி, "அய்யோ, பாலையா ஏத்துறீங்க?" என்று பதறியதும், அவருக்கு விளக்கம் சொல்லத் தனியாக ஒருவரை அனுப்ப வேண்டியிருந்ததும் நினைவிருக்கிறது.

அவர் பேசிக்கொண்டிருந்ததால்தான் முன்கூட்டியே தெரிந்தது. ஆகவே பிளாக்குக்கு முன் ஆழ்ந்த தூக்கம் வர மருந்து கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். வாய் ருசி எப்படி இருக்கிறது, காதில் சத்தம் கேட்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கன்னடத்திலும் இந்தியிலும் கேட்கப் பழகியிருக்கிறேன். இந்த ஊரில் அது இல்லாமல் முடியாது.

மருத்துவ நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். முழு மயக்கத்துக்குப் போடும் புரோபோஃபோலும் வெள்ளையாக, கொழுப்பில் கரைந்ததாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மாற்றாகாது. அதில் கொழுப்பு குறைவு, தளர்ந்த இதயத்தை அது மேலும் தளர்த்தும். அட்ரினலினை வழக்கமான ஒரு மில்லிகிராம் அளவில் கொடுக்காமல், கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மிகாமல் கொடுக்க வேண்டும். வாசோப்ரெசினும், பீட்டா தடுப்பான்களும், கால்சியம் தடுப்பான்களும் வேண்டாம். துடிப்புக் கோளாறுக்கு லிக்னோகெய்ன் அறவே கூடாது. துடிப்பு நிலைப்படாவிட்டால் முதல் அளவைத் திரும்பக் கொடுக்கலாம், சொட்டின் வேகத்தை இரட்டிப்பாக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மில்லியைத் தாண்டக் கூடாது. நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர நேர்ந்தாலும் கைவிடக் கூடாது, ஏனெனில் மருந்து விலகினால் இதயம் மீளும். ரத்த மாதிரியை இயன்றால் பால்மத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பிறகு எடுத்தால் கொழுப்பு மிதந்து, பல பரிசோதனைகளின் முடிவைக் குழப்பும்.

பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பை ஐசியூவிலோ மருந்தகத்திலோ எங்காவது இருக்கும். அந்த 'எங்காவது' என்பதுதான் பிரச்சினை. சிறிய மையங்களில் பல நேரம் இருப்பதே இல்லை. பக்கத்து மருத்துவமனையிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்பவர்கள், மாலை ஆறு மணிக்கு, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து பார்க்கட்டும். பிளாக் போடும் அறையிலேயே ஒரு பெட்டி, அதில் 20% பால்மம் ஒரு லிட்டர் வரும்படி பைகள், 50 மில்லி சிரிஞ்சுகள், சொட்டுக் குழாய், எடைவாரியான அளவுகள் அச்சடித்த அட்டை: இவ்வளவுதான் தேவை. காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். உறைநிலையில் வைத்த பையைப் பயன்படுத்தவே கூடாது.

மீண்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வலிப்போடு நின்றிருந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம், இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரமாவது கண்காணிப்பு வேண்டும், ஏனெனில் பால்மத்தின் வேகம் குறைந்ததும் நச்சு திரும்பத் தலைகாட்டுவதுண்டு.

ஊசி மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். லேசர் முடிநீக்கத்துக்கு முன் மரப்புக் கிரீமைக் கால் முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்ததைத் தொடர்ந்து, 2007இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பரப்பு கூடினாலும், தாளால் மூடினாலும், தோல் சூடானாலும், மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு கூடும். வீட்டில் கிரீம் பூசியிருக்கும்போது உதடு மரத்தாலோ, தலை சுற்றினாலோ, காது இரைந்தாலோ உடனே தாளைப் பிரித்துக் கிரீமைத் துடைத்துக் கழுவிவிட்டு, அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு ஐசியூ வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.