ஜூஸர் வாங்குவதற்கு முன்: சாறு, சக்கை, காற்று

ஸ்லோ ஜூஸர் விற்கிறவர்கள் முதலில் பேசுவது சூட்டைப் பற்றித்தான். வேகமாகச் சுற்றும் ஜூஸர் சாற்றைச் சூடாக்கி, அதிலுள்ள வைட்டமினையும், என்சைம் என்ற வேதிவினை தூண்டும் புரதத்தையும் கொன்றுவிடுமாம். மெதுவாகச் சுற்றுவதில் அந்தப் பயம் இல்லையாம். அதனால்தான் 'கோல்ட் பிரஸ்' (சூடாக்காமல் பிழிவது) என்ற பெயர், அதனால்தான் அந்த விலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

500 வாட் மோட்டார் 30 விநாடி ஓடினால் 15,000 ஜூல் ஆற்றல் செலவாகும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேண்டும். அந்த 15,000 ஜூலும் கொஞ்சமும் சிந்தாமல் அரை லிட்டர் சாற்றுக்குள்ளேயே இறங்கினாலும் வெப்பநிலை 7 டிகிரிதான் ஏறும். 30 டிகிரியில் இருந்த பழம் 37 டிகிரிக்கு வரும், அதாவது நம் உடம்புச் சூட்டுக்கு. நடைமுறையில் மோட்டாரே பெரும் பங்கைச் சூடாக்கிக்கொண்டுவிடும் என்பதால் அவ்வளவுகூட ஏறாது. அந்தச் சூட்டில் அரை நிமிடத்தில் வைட்டமின் சி காணாமல் போகாது.

அப்படியென்றால் இரண்டு வகைக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

பழமும் காயும் கோடிக்கணக்கான செல்களால் ஆனவை. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் செல்லுலோஸ் சுவர். சுவரோடு சுவரை ஒட்டிவைப்பது பெக்டின் என்ற பசை. செல்லுக்குள் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வாக்குவோல் என்ற நீர்ப்பை. நாம் சாறு என்று குடிப்பது பெரும்பாலும் அந்தப் பைக்குள் இருந்த நீரும், அதில் கரைந்த சர்க்கரையும் அமிலமும்தான். சுவர் உடைந்தால்தான் அது வெளியே வரும். எல்லா ஜூஸரும் செய்வது இரண்டே வேலை: சுவரை உடைப்பது, உடைந்த சுவரிலிருந்து நீரைப் பிரிப்பது.

தண்ணீரில் கரையாதது சுவரோடு சக்கையில் தங்கிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். பீட்ரூட் சக்கையைத் தண்ணீரில் அலச அலச சிவப்பு இறங்கிக்கொண்டே வரும், ஏனென்றால் அந்த நிறம் வாக்குவோல் நீரில் கரைந்திருப்பது. கேரட் சக்கையை எத்தனை தடவை அலசினாலும் ஆரஞ்சு போகாது. அது பீட்டா கரோட்டின், எண்ணெயில் மட்டும் கரைவது. கேரட் சாறு பிழிந்துவிட்டுச் சக்கையைக் கொட்டினால் எதற்காகக் கேரட் வாங்கினோமோ அதில் கணிசமான பங்கு குப்பைக்குப் போகிறது. அதை அடை மாவில் கலந்து நாலு சொட்டு எண்ணெய் கூடவே விட்டுச் சுடுங்கள். உடம்பு அந்தக் கரோட்டினை எடுத்துக்கொள்ள எண்ணெயும் வேண்டும்.

வேகமான ஜூஸரில் ஒரு கூடை. அதன் அடித்தட்டில் துருவும் பற்கள், சுற்றுச்சுவர் மெல்லிய வலை. காய் தட்டில் பட்டதும் துருவலாகி வலையை நோக்கி வீசப்படுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று, கூடையின் ஆரம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வலையில் ஒட்டியிருக்கும் துருவல்மேல் அழுத்தும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 6,700 மடங்கு. நீர் வலையைத் தாண்டித் தெறிக்கிறது. வலை மேல்நோக்கி விரிந்திருப்பதால் சக்கை வழுக்கி மேலேறி குப்பைத் தொட்டிக்குள் விழுகிறது. கேரட், ஆப்பிள் மாதிரி நொறுங்கும் காய் பழங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. கீரையிடம்தான் தோற்கும். இலை மெல்லியதாக இருப்பதால் பல்லில் மாட்டாமல் அப்படியே வழுக்கிப் போய்விடும்.

ஸ்லோ ஜூஸர் நம் தெருவோரக் கரும்புச்சாறு இயந்திரத்தின் தம்பி. உருளைகளுக்குப் பதிலாக ஒரு தடித்த திருகு, நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்று. கீழே போகப் போகத் திருகுக்கும் வலைக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைகிறது. உள்ளே போன கீரை தப்பிக்க வழியில்லாமல் நசுங்குகிறது. மாதுளை முத்தும் இதில் நன்றாக வரும். மிக்சியில் அடித்தால் உள்ளிருக்கும் விதை உடைந்து சாறு துவர்க்கும். திருகில் சதை நசுங்கினாலும் விதை பெரும்பாலும் முழுசாகச் சக்கையோடு போய்விடும்.

கடையில் வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். '200 வாட்தானா, எங்கள் வீட்டு மிக்சியே 500' என்று ஸ்லோ ஜூஸரை ஒதுக்குகிறவர்கள் உண்டு. வாட் என்பது வேகமும் முறுக்கு விசையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் 500 வாட் மிக்சியின் முறுக்கு விசை 0.27 நியூட்டன் மீட்டர்தான். நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றும் 200 வாட் ஸ்லோ ஜூஸருக்கு அது 38. காகிதக் கணக்கில் 140 மடங்கு. உராய்வில் போவதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது. அதனால்தான் கொட்டையோ விதையோ நடுவில் சிக்கினால் மோட்டார் நிற்பதற்கு முன் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது. பின்னோக்கிச் சுற்றும் பட்டன் இல்லாத ஸ்லோ ஜூஸரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது காற்று. வேகமான ஜூஸர் சாற்றைத் தெறிக்கவிடுவதால் காற்றும் கலக்கிறது. மேலே நிற்கும் நுரையே அதற்குச் சாட்சி. உடைந்த ஆப்பிள் செல்லில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. செல் முழுசாக இருக்கும்வரை அதுவும் வாக்குவோலிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களும் தனித்தனி அறையில். சுவர் உடைந்து ஆக்சிஜனும் சேர்ந்ததும் சாறு பழுப்பாகிறது. 'உயிருள்ள என்சைம்' என்று விளம்பரத்தில் கொண்டாடப்படுவதில் இதுவும் ஒன்று! 2023-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகமும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்த என்சைம் நிறைந்த வாழைப்பழத்தைச் சேர்த்து அடித்த ஸ்மூத்தியைக் குடித்தவர்களின் உடம்பில் ஃப்ளவனால் (இதுவும் ஒரு வகைப் பாலிஃபீனால்) அளவு, அதையே மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. வெள்ளரிக்காயில் வைட்டமின் சி-யையே சிதைக்கும் என்சைம் ஒன்று உண்டு. இந்த இரண்டு என்சைமையும் மட்டுப்படுத்த எலுமிச்சை போதும். அமிலம் என்சைமை முடக்கும். பழத்தை அரைப்பதற்கு முன்பே எலுமிச்சையை ஜாரில் பிழிந்துவிடுங்கள், பழுப்பான பிறகு பிழிந்து பயன் அதிகமில்லை.

சாத்துக்குடிச் சாறு வைத்திருந்தால் கசப்பது இதிலிருந்து வேறுபட்ட கதை. சுளையின் தோலிலும் விதையிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. செல் உடைந்து அது அமிலச் சாற்றில் கலந்ததும் மெல்ல மெல்ல லிமோனின் ஆக மாறுகிறது, அது நல்ல கசப்பு. பிழிந்தவுடன் இனிக்கும் சாறு சில மணி நேரத்தில் கசப்பது இதனால்தான். சுளையோடு மிக்சியில் ஓட்டினால் கசப்பு சீக்கிரமே வரும். சாத்துக்குடிக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் கைப்பிழிவானை மிஞ்ச எந்த இயந்திரமும் இல்லை என்பது என் கட்சி.

மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், சப்போட்டா ஆகியவற்றை எந்த ஜூஸரிலும் போடாதீர்கள். பெக்டின் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் சாறு பிரியாது, கூழாகி வலையை அடைக்கும். அவற்றுக்கு மிக்சிதான். வாழைத்தண்டை முழுசாகத் திருகில் விட்டால் நார் சுற்றிக்கொண்டு இயந்திரம் திணறும். பொரியலுக்குச் செய்வது போல வட்டமாக அரிந்து, விரலில் நாரைச் சுற்றி எடுத்துவிட்டுப் போட வேண்டும். மொத்தத்தில், தினமும் கீரையும் மாதுளையும் பிழிகிற வீட்டுக்கு ஸ்லோ ஜூஸர், கேரட்டும் ஆப்பிளும் என்றால் வேகமானது. எப்போதாவது குடிக்கிறவர்களுக்கு மிக்சியும் ஒரு நல்ல வடிகட்டியும் தாராளமாகப் போதும். 2011-ல் தொடங்கி தமிழக அரசு தந்த விலையில்லா மிக்சியிலேயே இந்த வேலை முடியும்.

இயந்திரம் எதுவானாலும் சர்க்கரைக் கணக்கு மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டுதலில் பழச்சாற்றின் சர்க்கரையையும் தேன், வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் வைத்தது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அதன் உச்சவரம்பு நாளுக்கு 50 கிராம், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. முழுப் பழத்தின் சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை. 1977-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பத்துப் பேருக்கு ஒரே அளவு சர்க்கரை வரும்படி முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். தின்பதைவிடச் சாற்றைக் குடிப்பது 11 மடங்கு வேகமாக முடிந்தது. வயிறும் குறைவாகவே நிறைந்தது. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது. ஆனால் சாற்றுக்குப் பிறகு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை சட்டென்று கீழே விழுந்தது. கூழ் நடுவில் நின்றது. வடிகட்டாமல் குடிப்பது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைக் கடித்துத் தின்பதே சரி.

சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது. பிழிவதற்கு முன் காயில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வையுங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. வாந்தி, ரத்தக் கசிவு, ரத்த அழுத்த வீழ்ச்சி வரை கொண்டுபோகும். இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நிபுணர் குழு அமைத்துச் சொன்ன அறிவுரையும் இதுதான்: ருசி பார்த்த பிறகே பிழிய வேண்டும், வேறு சாறோடு கலக்கக் கூடாது, குடித்தபின் உடம்புக்கு என்னவோ செய்தால் உடனே மருத்துவமனை. வேகவைத்த கூட்டில் ஒரு கசப்புத் துண்டு வாயில் பட்டால் துப்பிவிடுவோம். சாற்றில் நெல்லிக்காயும் இஞ்சியும் சேர்ந்தால் கசப்பு மறைந்து, மடக்கென்று இறங்கிவிடும்.

அப்புறம் கழுவுவது. குடிப்பதற்கு முன்பே வலையைக் குழாயடியில் காட்டிவிடுங்கள். நாரும் பெக்டினும் காய்ந்து வலைக்கண்ணில் இறுகிவிட்டால் அடுத்த தடவை சாறு சக்கையோடு வெளியேறும். இடுக்கில் கிருமியும் வளரும். பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேயுங்கள். பிளாஸ்டிக்கில் படிந்த கேரட் கறை சோப்புக்கு மட்டும் அசையாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் ஆரஞ்சு நிறம் எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும், அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவலாம்.