வயிற்று வலி என்று வந்தவர்

விடியற்காலை நான்கு மணி. வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்; ஆனால் என்னைப் பார்க்க அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டே இருந்தார். இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"எங்கே படுத்திருந்தீங்க?"

"தரையிலதாங்க, பாய் போட்டு."

சரி, கட்டுவிரியன்.

பகலில் பார்த்தால் இது பரம சாது. கறையான் புற்று, எலி வளை, செங்கல் அடுக்கு என்று எங்காவது சுருண்டு கிடக்கும்; சீண்டினால்கூடப் பெரும்பாலும் தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொள்ளும். இருட்டினால் ஆளே வேறு. எலி, பல்லி, தவளை, முக்கியமாக மற்றப் பாம்புகள் என இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். தூங்குகிறவர் புரண்டு படுத்தால் கடித்துவிடும். பல் சிறியது, எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சிலருக்கு அதுவும் தெரியாது. வீக்கம் இல்லை, தடம்கூடப் பல நேரம் கண்ணில் படாது. எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள், கடிபட்டவர் எட்டடிக்குள் விழுந்துவிடுவாராம். உண்மையில் அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம்.

கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனையும் இங்கே கைகொடுக்காது. கண்ணாடிவிரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை. ரத்தம் ஒழுங்காக உறையும். அதை நம்பி ஓரிடத்தில் வீட்டுக்கு அனுப்பிய ஒருவர், மதியம் மூச்சுத் திணறி எங்களிடம் வந்தார்.

கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிப் படுங்கள். தரையில் தூங்கி எழுந்தவருக்கு வயிற்று வலியோடு இமையும் தொங்கினால், கடித்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நரம்பு முனைகளையே இந்த விஷம் சிதைப்பதால், முறிவு மருந்து ஏற்றியும் மூச்சு உடனே திரும்பாது. வென்டிலேட்டரில் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல். கண்மணி விரிந்து, கை கால் அசையாமல் கிடப்பவரைப் பார்த்து உறவினர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அவருக்கோ எல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கும். ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் நம் பரோட்டாக்காரர் கரகரத்த குரலில் முதலில் கேட்டது: "ஊருக்குச் சொல்லி அனுப்பிடலாம்னு சொன்னாரே, அந்த மாமா எங்கே?"